காபிக் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கேள்வி: கோவை வடவள்ளியில் வசிக்கிறேன். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. என் ஃபில்டர் காபியைக் குடித்தவர்கள் எல்லோரும் கடை போடச் சொல்கிறார்கள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. இரண்டு யோசனை இருக்கிறது. ஒன்று, காலையில் நடக்க வருபவர்களை நம்பி ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு தள்ளுவண்டி. நான் வேலையை விடமாட்டேன்; சம்பளத்துக்கு ஒரு மாஸ்டர் வைத்து, வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வேன். இரண்டு, பக்கத்துத் தெருவில் ஒருவர் தன் வீட்டின் முன்னறையைக் கடைக்கு விடுகிறார். ஒரு லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். என்னென்ன அனுமதி வாங்க வேண்டும்? வண்டிக்கும் அதெல்லாம் தேவையா? 'எல்லா லைசென்ஸும் சேர்த்து 25,000 ரூபாய்' என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில் தருபவர்: மாநகராட்சி சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது சிறு கடைக்காரர்களுக்கு உரிம ஆலோசகர்.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஒரு லட்சம் இப்போதைக்கு உங்கள் கையிலேயே இருக்கட்டும். ஏஜென்ட்டுக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம். காபிக் கடைக்கான அனுமதிகளில் பாதிக்கு மேல் நீங்கள் பிடிக்கிற இடத்தைப் பொறுத்துத்தான் கிடைக்கும், கிடைக்காமல் போகும். இடம் கோளாறு என்றால் எந்த ஏஜென்ட் வந்தும் பயனில்லை. இடம் சரியாக இருந்தால் மிச்ச வேலையைக் கணினி முன்னால் உட்கார்ந்து நீங்களே முடித்துவிடலாம். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு அந்தப் படிவங்கள் ஒரு விஷயமே இல்லை.

வண்டியை முதலில் பார்ப்போம். 'வண்டிதானே, கடைக்கு வேண்டியதெல்லாம் அதற்கு வேண்டாம்' என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் திட்டத்துக்கு வண்டிதான் கடையைவிடச் சிக்கலானது.

சாலையோரத்தில் வியாபாரம் செய்வதற்கு 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி, நகர விற்பனைக் குழு என்று ஒன்று ஒவ்வொரு உள்ளாட்சியிலும் இருக்க வேண்டும். மாநகராட்சி ஆணையர் தலைவர். உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே, அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்கெடுப்பு நடத்தி, ஏற்கெனவே வியாபாரம் செய்பவர்களுக்கு விற்பனைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். உங்களைப் போலப் புதிதாக வருபவர்களுக்கும் வழி இருக்கிறது. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவில் ஒருவர் விண்ணப்பித்தால், அந்தப் பகுதியில் இடம் இருக்கும் பட்சத்தில் குழு சான்றிதழ் தரலாம். 'தரலாம்' என்றுதான் சட்டம் சொல்கிறது. 'தர வேண்டும்' என்று சொல்லவில்லை. வார்டின் அல்லது நகரத்தின் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் என்பது உச்சவரம்பு.

சரி, உங்கள் சிக்கல் எங்கே? சான்றிதழ் வாங்குகிறவர் மூன்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். வியாபாரத்தைத் தானோ தன் குடும்பத்தாரோதான் நடத்துவது. தனக்கு வேறு பிழைப்பு இல்லை என்பது. சான்றிதழையோ இடத்தையோ யாருக்கும் வாடகைக்கு விடாமலும் கைமாற்றாமலும் இருப்பது. மாதச் சம்பளம் வாங்கும் நீங்கள் இரண்டாவதில் கையெழுத்துப் போட முடியாது. மாஸ்டரை வைத்து நடத்துவது முதலாவதில் இடிக்கும். இது வாழ வழியில்லாதவர்களுக்காக வந்த சட்டம், சகோதரி. பக்கத் தொழில் பார்ப்பவர்களுக்கு அதில் இடம் வைக்கவில்லை. அது நியாயம்தான் என்றே எனக்குப் படுகிறது.

தம்பி தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். அவருக்கு வேறு வருமானம் இல்லை, அவரே வண்டியில் நிற்பார் என்றால் அது நேர்மையான விண்ணப்பம். ஆனால் அப்புறம் அது அவருடைய தொழில். நீங்கள் போடும் பணம் கடனா, பங்கா என்பதை அக்கா தம்பிக்குள்தானே என்று விட்டுவிடாமல் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சான்றிதழ் கைக்கு வந்தால் அவருக்குப் பாதுகாப்பும் உண்டு. அப்புறப்படுத்துவதாக இருந்தால் 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். சரக்கைப் பறிமுதல் செய்தால் கையெழுத்திட்ட பட்டியல் தர வேண்டும். அபராதம் கட்டிக் கேட்டால், பால் போன்ற கெட்டுப்போகும் பொருளை அன்றே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் பிணையில்லாக் கடனும் கேட்கலாம். 2020-ல் 10,000 ரூபாயில் தொடங்கிய முதல் தவணை 2025-ல் 15,000 ஆனது.

ரேஸ்கோர்ஸ் விஷயத்தில் ஒன்று. நடைபாதையை அழகுபடுத்திய சாலைகளில் எங்கே வண்டி நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பதை மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கேட்டு, விற்பனைக்குத் தடையுள்ள பகுதி எது என்று எழுத்தில் தெரிந்துகொண்ட பிறகு வண்டிக்கு ஆர்டர் கொடுங்கள். 'இந்த மரத்தடி என் இடம், 50,000 கொடுங்கள், விட்டுத் தருகிறேன்' என்று சொல்ல யாராவது வருவார்கள். சான்றிதழே கைமாற்ற முடியாதது எனும்போது அவர் எதை விற்கிறார்? போலீஸ்காரர் ஒருவருக்குத் தினமும் இரண்டு காபி கொடுத்தால் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. அவர் மாற்றலாகிப் போகும் நாளில் உங்கள் கதி என்ன என்று அவர்களிடமே கேளுங்கள்.

வண்டிதான் வேண்டும், நீங்கள்தான் முதலாளியாக இருக்க வேண்டும் என்றால், தனியார் இடத்தில் நிறுத்துங்கள். காய்கறிக் கடை முன்வளாகம், பெட்ரோல் பங்க் ஓரம், பெரிய அடுக்குமாடி வளாகத்தின் வாசலுக்கு உட்புறம் என்று கோவையில் இப்படி நிறைய ஓடுகின்றன. இடத்துக்காரரின் சம்மதக் கடிதம் வேண்டும், மாநகராட்சித் தொழில் உரிமமும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும். தெருவோர வியாபாரச் சட்டத்தின் விளக்கத்தில் தனியார் இடமும் வருகிறது, ஆகையால் அங்கே விற்பனைச் சான்றிதழ் வேண்டுமா என்று மாநகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் மாஸ்டரைச் சம்பளத்துக்கு வைக்கலாம், நீங்களும் வேலையில் இருக்கலாம். பெட்ரோல் பங்க் என்றால் அடுப்பு கூடாது, மின்சாரத்தில்தான் காய்ச்ச வேண்டும் என்பார்கள். அதை மறுக்காதீர்கள்.

இப்போது அந்த முன்னறை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் இரண்டு காகிதம் கேளுங்கள்: சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது.

சொத்து வரி ரசீதில் அந்தக் கட்டடம் குடியிருப்பு என்று இருந்தால், கடை வந்ததும் அந்த அறைக்கு வணிக விகிதத்தில் வரி மாறும். வீட்டுக்காரருக்கு அது தெரியுமா, கூடுதல் வரியை யார் கட்டுவது, பாக்கி ஏதும் இருக்கிறதா? பாக்கி இருந்தால் உங்கள் தொழில் உரிம விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். 'அதெல்லாம் பார்த்துக்கலாம், நீங்க கடையைப் போடுங்க' என்று சொல்லும் வீட்டுக்காரர் பெரும்பாலும் எதையும் பார்க்கமாட்டார். பில் கலெக்டர் வந்து நிற்கும்போது உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

மின்சாரமும் அப்படித்தான். வீட்டு இணைப்பில் கடை நடத்துவது, மின்சாரச் சட்டம் 2003-ன் 126-ஆவது பிரிவின்படி அனுமதியில்லாத பயன்பாடு. எப்போதிலிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், ஆய்வுக்கு முந்தைய 12 மாதத்துக்கு, உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடலாம். ஃபிரிட்ஜ், காபி அரைக்கும் மெஷின், வாட்டர் ஹீட்டர் எல்லாம் ஓடுகிற கடையில் அது சின்னத் தொகை இல்லை. வணிக இணைப்பு தனியாக, தனி மீட்டரோடு வாங்கித் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் அதைத்தான் கேட்கிறது.

அப்புறம் வாசலில் நின்று கீழே பாருங்கள். அறைக்கும் ரோட்டுக்கும் நடுவில் மழைநீர் வடிகால் போகிறதா? அதன் மேல் படி கட்டி, தகரக் கூரை இறக்கி, இரண்டு ஸ்டூல் போடலாம் என்பது உங்கள் கணக்காக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். ஆக்கிரமிப்பு அகற்ற வரும் ஜேசிபி உரிமம் இருக்கிறதா என்று பார்க்காது. வாடிக்கையாளர் நிற்க அறைக்குள்ளேயே இடம் வேண்டும்.

தண்ணீர் போகும் வழியையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். காபிக் கடைக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு: சக்கை. டிகாக்‌ஷன் இறக்கிய பின் ஃபில்டரைத் தொட்டியில் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்து விடுவார்கள். அது மணல் மாதிரி குழாயில் படிந்து, பால் கழுவிய கொழுப்போடு சேர்ந்து இறுகிவிடும். கொஞ்ச நாளில் அடைப்பு, வாடை, பக்கத்து வீட்டுக்காரரின் புகார். குடியிருப்புத் தெருவில் கடைக்கு எதிராக வரும் மனுக்களைப் புரட்டினால் காபி நன்றாக இல்லை என்று யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். சாக்கடை நாறுகிறது, வண்டியைக் குறுக்கே நிறுத்துகிறார்கள் என்றுதான் இருக்கும். தொட்டி வாயில் ஒரு கம்பி வலை போடுங்கள், சக்கையைத் தனி வாளியில் தட்டுங்கள். மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

இடம் இந்தச் சோதனையெல்லாம் தாண்டினால் மாநகராட்சித் தொழில் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டமும் அதன் 2023 விதிகளும்தான் இதற்கு அடிப்படை. சொத்து வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரர் சம்மதம், உங்கள் அடையாள ஆவணம், அறையின் அளவு ஆகியவை வழக்கமாகக் கேட்பவை. கட்டணம் தொழிலின் வகையையும் பரப்பையும் பொறுத்தது. புதுப்பிக்கும் தேதியை மட்டும் மறந்துவிடாதீர்கள். அரையாண்டுக்கு ஒரு முறை கட்டும் தொழில் வரி வேறு, இந்த உரிமம் வேறு; ஒன்றின் ரசீதை இன்னொன்று என்று நினைத்து ஃபிரேம் போட்டு மாட்டி வைத்திருக்கும் கடைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உணவுப் பாதுகாப்பு முற்றிலும் வேறு அலுவலகம். மாநகராட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலரின் கீழ் வருகிறது. விண்ணப்பம், மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் போஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில். கடைக்கும், தனியார் இடத்தில் நிற்கும் வண்டிக்கும் இது வேண்டும்; தள்ளுவண்டி வியாபாரிக்கும் டீக்கடைக்கும் அதில் தனித்தனி வகை இருக்கிறது, சரியானதைத் தேர்ந்தெடுங்கள். 2011 விதிமுறையில் வைத்த வரம்பு, ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை 'பதிவு', அதற்கு மேல் 'உரிமம்' என்பது. பதிவுக்குக் கட்டணமும் அதே விதிமுறையில் ஆண்டுக்கு 100 ரூபாய் என்றுதான் வைத்தார்கள். ஆமாம், நூறு ரூபாய்தான்.

இதில் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். காபி 20 ரூபாய், ஒரு நாளைக்கு 100 காபி என்றால் ஆண்டுக்கு 7 லட்சத்துச் சொச்சம். 200 காபி விற்றால் 14 லட்சத்தைத் தாண்டும். கூடவே வடை, பன் போனால் இன்னும் சீக்கிரம் ஏறும். வரம்புகளை அவ்வப்போது திருத்துவார்கள், ஆகையால் விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் இருக்கும் எண்ணை வைத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். பதிவுக்கு விண்ணப்பித்தால் ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும், மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாகச் சொல்ல வேண்டும். ஆய்வென்றால் 30 நாளுக்குள் முடிவு. அதற்குள் எந்தப் பதிலும் வராவிட்டால் தொழிலைத் தொடங்கலாம் என்று அந்த விதியிலேயே இருக்கிறது. ஏஜென்ட்டுகள் இதைச் சொல்வதில்லை.

ஆய்வுக்கு வருபவர் கண்ணில் எது படும்? பளபளக்கும் பாய்லரை அவர் ஒரு நொடி பார்ப்பார். அதன் பக்கத்தில் கிடக்கும் துணியை எடுத்துப் பிரித்துப் பார்ப்பார். பால் பொங்கியதைத் துடைத்த அதே துணியில் மேசையையும் துடைத்து, டம்ளர் விளிம்பையும் துடைப்பதுதான் நம் கடைகளின் வழக்கம். இரண்டு மூன்று துணி தனித்தனியாக வைத்து, காயவைக்கக் கம்பியும் கட்டியிருந்தால் பாதி ஆய்வு முடிந்த மாதிரி. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதைச் சோதித்த அறிக்கை உண்டா, மிச்சப் பாலை எங்கே வைக்கிறீர்கள், குப்பைத் தொட்டிக்கு மூடி உண்டா என்று கேட்பார். மாஸ்டருக்கு மருத்துவச் சான்றும் டைபாய்டு தடுப்பூசியும் முன்னாலேயே போட்டு வையுங்கள். வடை போட்டால் இரண்டு விஷயம்: செய்தித்தாளில் வைத்துக் கொடுக்கக் கூடாது, எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது. கடை நடத்துவது கைவரும் வரை வடை வேண்டாம், காபி மட்டும் போதும் என்பது என் யோசனை.

காபித்தூளையும் பொட்டலம் போட்டு விற்கிற எண்ணம் இருந்தால் அது வேறு கணக்கு. சிக்கரி கலந்த தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், கலவை விகிதம் லேபிளில் தெரிய வேண்டும், தராசுக்கு முத்திரை வேண்டும். முதல் ஆண்டில் இதைத் தொடாதீர்கள்.

அடுத்தது கப். இதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, ஆனால் கடையின் அமைப்பையே இது மாற்றும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பிளாஸ்டிக் பொருள்களில், உள்பக்கம் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் சேர்த்தி. கடைகளில் வரிசை கட்டி அடுக்கியிருப்பது பெரும்பாலும் அதுதான். எல்லோரும் வைத்திருக்கிறார்களே என்பீர்கள். சோதனை வரும் நாளில் அபராதம் கட்டுவதும் அவர்கள்தான். எவர்சில்வர் டபரா டம்ளர் வாங்கினால் வாடிக்கையாளருக்கும் பிடிக்கும். ஆனால் கழுவ இரண்டு தொட்டி, வெந்நீர், ஒரு ஆள் வேண்டும். வண்டியில் அதற்கு வழியில்லை. பூச்சில்லாத கப்பும் மண் குவளையும் விலை கூட. ஆகவே இதை முதலிலேயே முடிவு செய்துவிட்டு அறையின் அளவைப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறையில் பாய்லரும் கழுவுமிடமும் போனால் நிற்க எத்தனை பேருக்கு இடம் மிஞ்சும் என்று சாக்பீஸால் தரையில் வரைந்தே பார்த்துவிடலாம்.

கேஸ் விஷயத்தில், வீட்டு சிலிண்டரைக் கடையில் வைக்கவே கூடாது. வணிகத்துக்கு 19 கிலோ சிலிண்டர் தனி. வண்டிக்கு 5 கிலோ சிலிண்டர் கிடைக்கிறது. மொத்தம் 100 கிலோ வரை வைத்திருக்கத் தனி உரிமம் தேவையில்லை, உங்களுக்கு அது தாராளம்.

ஜிஎஸ்டி உங்களுக்குத் தெரியும்: சேவைக்கு 20 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், நடப்புக் கணக்கு தொடங்க உதவும், செய்துவிடுங்கள். கடையில் பழைய பாட்டு ஓடவிட ஆசை இருந்தால், அதற்கும் பதிப்புரிமை உடையவர்களிடம் உரிமம் வாங்க வேண்டும் என்பது சட்டம்; ரேடியோவில்லாமலும் காபி விற்கும். மாஸ்டருக்கு உட்கார ஒரு ஸ்டூல் போடுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது.

சிகரெட்? வேண்டாம். 'டீக்கடை என்றால் அது இல்லாமல் கூட்டம் வராது' என்று மாஸ்டர் சொல்வார். பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது, உங்கள் தெருவிலோ எத்தனை பள்ளி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். குட்கா பொட்டலம் ஒன்று கல்லாவுக்கு அடியில் அகப்பட்டால் கடைக்கே சீல் வைப்பார்கள். மாஸ்டர் தனக்கென்று வைத்திருந்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

ஏஜென்ட் கேட்கும் 25,000-க்கு வருவோம். எந்த உரிமத்துக்கு அரசுக் கட்டணம் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். நல்லவராக இருந்தால் தருவார். 'மேலே கொடுக்க வேண்டியது' என்று ஒரு வரி வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். வேலை நாளில் அலைய நேரமில்லை என்றால் தொழில் உரிமத்தை மட்டும் அவரிடம் கொடுக்கலாம், உணவுப் பாதுகாப்புப் பதிவை நீங்களே போடுங்கள். ஆனால் எந்த விண்ணப்பத்திலும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டுவிட்டால் புதுப்பிக்கும்போது கடவுச்சொல்லுக்கு அவர் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும்.

என் முடிவைக் கேட்டால், வேலையை விடாத வரை சாலையோர வண்டி உங்களுக்கு ஆகாது. முன்னறைக்கு வீட்டுக்காரர் இரண்டு ரசீதையும் காட்டி, வணிக மீட்டருக்கும் ஒத்துக்கொண்டால், அட்வான்ஸைக் கொடுங்கள். 'உரிமம் மறுக்கப்பட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்' என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அவர் இழுத்தடித்தால், தெரிந்த காய்கறிக் கடைக்காரர் யாரிடமாவது முன்வளாகத்தில் ஆறடி இடம் கேட்டுப் பாருங்கள்.

பெயர்ப்பலகைக்கு ஆர்டர் கொடுக்கும்போது தமிழ் முதலில், பெரிதாக வரட்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்று விதியில் அளவே சொல்லியிருக்கிறார்கள். பலகை அடிப்பவர்கள் ஆங்கிலத்தைப் பெரிதாகப் போட்டுத்தான் டிசைன் அனுப்புவார்கள். அச்சுக்குப் போகும் முன் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.